சில நேரம் பாஸ், சில நேரம் ஃபெயில்: தானியங்கி டெஸ்டுகளில் நேரமும் மிச்சமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. நேற்று பச்சை காட்டிய டெஸ்ட் இன்று சிவப்பு காட்டுகிறது, மறுபடி ஓட்டினால் பச்சை. இதைத்தான் ஃப்ளேக்கி டெஸ்ட் என்கிறோம். ஆட்டோமேஷனுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதுபற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பிரவுசர் டெஸ்டும் டேட்டாபேஸைத் தொடும் டெஸ்டும் எழுதுகிறவர்களுக்கு இது அதிகம் உதவும்.

எப்போதோ ஒரு தடவை ஃபெயில் ஆவதற்கு இவ்வளவு கவலைப்பட வேண்டுமா?

வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்களிடம் 500 டெஸ்டுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஆயிரம் ஓட்டத்துக்கு ஒரே ஒரு முறை காரணமில்லாமல் விழுகிறது என்று வையுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஐந்நூறும் சேர்ந்து ஓடும்போது 100 பில்டில் (கோடைத் தொகுத்து எல்லா டெஸ்டையும் ஓட்டும் சுற்று) சுமார் 39 சிவப்பாகிவிடும். அந்த 39-க்கு நடுவில் நிஜமான பக் ஒன்று ஒளிந்திருந்தால் யார் கண்ணில் படும்?

பெரிய இடங்களிலும் இதே கதைதான். கூகுள் 2016-இல் வெளியிட்ட விவரப்படி, அங்கே டெஸ்ட் ஓட்டங்களில் ஏறக்குறைய 1.5 சதவீதம் ஃப்ளேக்கி முடிவு. அவர்களுடைய டெஸ்டுகளில் கிட்டத்தட்ட 16 சதவீதத்துக்கு இந்தத் தள்ளாட்டம் கொஞ்சமாவது இருந்தது. பாஸிலிருந்து ஃபெயிலுக்கு மாறிய சம்பவங்களில் 84 சதவீதத்தில் ஒரு ஃப்ளேக்கி டெஸ்ட் சம்பந்தப்பட்டிருந்தது.

வீணாகும் நேரத்தைவிட என்னை அதிகம் வருத்துவது இதனால் வரும் பழக்கம். "அது எப்பவும் அப்படித்தான், ரீரன் குடு" என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால், இரண்டு மாதத்தில் டீம் முழுக்க அதையே சொல்லும்.

பெரும்பாலும் காரணம் என்னவாக இருக்கும்?

இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல், அப்பாச்சியின் 51 திறந்த மூல மென்பொருள் திட்டங்களில் ஃப்ளேக்கி டெஸ்டுகளைச் சரிசெய்த 201 மாற்றங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். காரணம் வகைப்படுத்த முடிந்தவற்றில் சுமார் 45 சதவீதம், ஒரு வேலை முடியும்வரை சரியாகக் காத்திருக்காதது. சுமார் 20 சதவீதம் த்ரெட்கள் (ஒரே சமயத்தில் ஓடும் வேலை இழைகள்) ஒன்றோடொன்று மோதிக்கொள்வது, 12 சதவீதம் டெஸ்டுகள் ஓடும் வரிசையைச் சார்ந்திருப்பது.

என் அனுபவமும் அதுதான். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இரண்டில் ஒன்று. டெஸ்ட் தப்பான நேரத்தில் எட்டிப் பார்த்திருக்கும், இல்லையென்றால் வேறொரு டெஸ்ட் விட்டுப்போன மிச்சத்தின் மேல் காலை வைத்திருக்கும்.

ஸ்லீப் போட்டால் வேலை முடிந்துவிடுகிறதே, என்ன தப்பு?

'2 வினாடி ஸ்லீப்', அதாவது டெஸ்டை அவ்வளவு நேரம் சும்மா நிறுத்திவைப்பது, ஓர் ஊகம். உங்கள் லேப்டாப்பில் பதில் 300 மில்லிசெகண்டில் வந்துவிடும், மீதி 1.7 வினாடி சும்மா போகும். சிஐ மெஷினில் (கோடு மாறும்போதெல்லாம் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சர்வர்) நாலு பில்டு ஒரே சமயத்தில் ஓடும்போது அதே பதிலுக்கு 2.1 வினாடி ஆகும், டெஸ்ட் விழும். உடனே யாராவது 2-ஐ 5 ஆக்குவார்கள். 200 டெஸ்ட், ஒவ்வொன்றிலும் மூன்று ஸ்லீப் என்றால், இரண்டு வினாடிக்கே 20 நிமிடம் ஆகிறது. ஐந்து ஆக்கினால் 50 நிமிடம். அப்போதும் 5.1 வினாடி ஆகிற நாள் ஒன்று வரத்தான் செய்யும்.

அப்படியானால் எதற்குக் காத்திருப்பது?

சோறு வெந்ததா என்று கடிகாரத்தைப் பார்த்து யாரும் சொல்வதில்லை, ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறோம். டெஸ்டும் அப்படித்தான் செய்ய வேண்டும். ஓர் அடையாளத்தைச் சிறு இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்க்கட்டும். கிடைத்ததும் நகரட்டும், கெடு தாண்டினால் ஃபெயில் ஆகட்டும்.

எந்த அடையாளம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு பில்லிங் திரையை எடுத்துக்கொள்வோம். 'சேமி' அழுத்தினால் ஸ்பின்னர் (காத்திருக்கச் சொல்லும் சின்னம்) சுற்றுகிறது, அப்புறம் பில் எண் வருகிறது. பலரும் ஸ்பின்னர் மறையும்வரை காத்திருப்பதாக எழுதுவார்கள். ஸ்பின்னர் தோன்றுவதற்கு முன்பே டெஸ்ட் எட்டிப் பார்த்துவிட்டால்? 'ஸ்பின்னர் இல்லை, சரி' என்று நகர்ந்துவிடும். பில் எண்ணுக்குக் காத்திருந்தால் இந்த ஓட்டையே கிடையாது.

இன்னொன்று, பட்டியலை வடிகட்டும் டெஸ்ட். 'மதுரை கிளை' என்று தேர்ந்தெடுத்துவிட்டு, 'பட்டியலில் ஒரு வரிசையாவது தெரிய வேண்டும்' என்று காத்திருக்கிறீர்கள். பழைய பட்டியல் இன்னும் திரையில்தான் இருக்கிறது, நிபந்தனை அந்த நொடியே நிறைவேறிவிடும். நீங்கள் காத்திருக்கும் அடையாளம் பழைய நிலையில் இருக்கவே முடியாததாக இருக்க வேண்டும். இங்கே அது, மற்ற கிளைகளின் வரிசைகள் பட்டியலில் இல்லாமல் போவது.

பிரவுசரை இயக்கும் டெஸ்ட் கருவிகளைப் பொறுத்தவரை, செலினியத்தில் இம்ப்ளிசிட் வெயிட்டின் (எதைத் தேடினாலும் பொதுவாகக் காத்திருக்கும் நேரம்) இயல்பு மதிப்பு பூஜ்யம், அதாவது எலிமென்ட் (பட்டன், பெட்டி போன்ற பக்கத்தின் ஒரு பகுதி) அந்தக் கணமே இருந்தாக வேண்டும். குறிப்பிட்ட நிபந்தனைக்குக் காத்திருக்கும் எக்ஸ்ப்ளிசிட் வெயிட்டான வெப்டிரைவர்வெயிட் அரை வினாடிக்கு ஒருமுறை பார்க்கும். இரண்டையும் கலக்காதீர்கள். இம்ப்ளிசிட் 10, எக்ஸ்ப்ளிசிட் 15 என்று வைத்தால் 20 வினாடி கழித்துக்கூட டைம்அவுட் வரலாம் என்று செலினியம் ஆவணமே எச்சரிக்கிறது. ப்ளேரைட், க்ளிக் செய்யும் முன்பே எலிமென்ட் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, வேறு ஏதாவது அதை மறைக்கிறதா, இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று தானாகப் பார்த்துக்கொள்கிறது. அதன் எக்ஸ்பெக்ட் (எதிர்பார்த்தது இருக்கிறதா என்று சரிபார்க்கும் கட்டளை) 5 வினாடிவரை மறுபடி மறுபடி பார்க்கும். சைப்ரஸில் அது 4 வினாடி.

இந்த வசதியை நாமே தெரியாமல் கெடுத்துக்கொள்வதும் உண்டு. திரையில் இருக்கும் தொகையைப் படித்து ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு, அடுத்த வரியில் '1,250-க்குச் சமமா' என்று ஒப்பிட்டால், படித்தது அந்த ஒரு கணம் மட்டும்தான். வேரியபிள் மாறப்போவதில்லை, எவ்வளவு காத்தாலும் பயனில்லை. எலிமென்டையே எக்ஸ்பெக்டிடம் கொடுத்து, 'இதில் 1,250 என்று இருக்க வேண்டும்' என்று கேளுங்கள்.

நெட்வொர்க் அமைதியாகும்வரை காத்திருக்கும் 'நெட்வொர்க்ஐடில்' வழியை நம்ப வேண்டாம். ப்ளேரைட் ஆவணமே டெஸ்டுகளில் அதைத் தவிர்க்கச் சொல்கிறது. அனலிட்டிக்ஸ் அழைப்பு ஒன்று நடுவில் புகுந்தால் போதும், குழப்பம்தான்.

பட்டன் தெரிகிறது, க்ளிக்கும் ஆகிறது, ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை. ஏன்?

சர்வரிலேயே உருவாகி வரும் பக்கங்களில் இது நடக்கும். எச்டிஎம்எல் முதலில் வந்துவிடும், பட்டனும் கண்ணுக்குத் தெரியும். அதற்கு உயிர் கொடுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் சில நூறு மில்லிசெகண்ட் கழித்துத்தான் ஏறும். மனிதன் அவ்வளவு வேகமாக அழுத்த மாட்டான், டெஸ்ட் அழுத்தும். அந்த க்ளிக் காற்றோடு போய்விடும்.

நல்ல தீர்வு அப்ளிகேஷன் பக்கம்தான் இருக்கிறது. ஸ்கிரிப்ட் தயாராகும்வரை பட்டன் முடக்கப்பட்டே இருக்கட்டும். மெதுவான மொபைல் இணைப்பில் இருக்கும் நிஜப் பயனருக்கும் இதே க்ளிக் தொலைகிறது என்பதால், இதை டெவலப்பரிடம் பக்காகவே எழுதிக் கொடுங்கள், தயங்காதீர்கள். அதுவரை, மெனு திறப்பது மாதிரி இரண்டு முறை செய்தாலும் கெடுதல் இல்லாத செயலாக இருந்தால், 'க்ளிக் செய், விளைவு வந்ததா பார், வராவிட்டால் மறுபடி' என்று ஒரே தொகுப்பாகச் சுற்றலாம். பணம் செலுத்தும் பட்டனுக்கு இதைச் செய்துவிடாதீர்கள்.

'இது வரக்கூடாது' என்பதை எப்படிச் சோதிப்பது?

கவனம் தேவைப்படும் இடம். 'பிழைச் செய்தி இல்லை' என்று கேட்டால், பக்கம் ஏறாத வெள்ளைத் திரையில்கூட அது உண்மைதான். டெஸ்ட் பாஸ் ஆகும், எதையும் சோதித்திருக்காது. விழுகிற டெஸ்டைவிட இது மோசம், ஏனென்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முதலில் வேலை முடிந்துவிட்டது என்று காட்டும் ஒரு நேர்மறை அடையாளத்துக்குக் காத்திருங்கள். பில் எண் வந்தபின் பிழைச் செய்தி இல்லையா என்று பாருங்கள். 'மெயில் போகக்கூடாது' என்றால், அதே வரிசையில் அதன் பின்னால் போகவேண்டிய இன்னொரு மெயிலை அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததும் முதலாவது போகவில்லை என்று உறுதிசெய்யலாம். வரிசை ஒன்றன்பின் ஒன்றாக இயங்கினால் மட்டுமே இது செல்லும்.

டைம்அவுட் எவ்வளவு வைக்கலாம்?

தாராளமாக வையுங்கள். ஸ்லீப்பைப் போல அல்லாமல், வேலை முடிந்ததும் நகர்ந்துவிடுவதால் 30 வினாடி என்று வைத்தாலும் பாஸ் ஆகும் டெஸ்டுக்குச் செலவு இல்லை. கெடு தாண்டும்போது வரும் செய்தியில் அக்கறை காட்டுங்கள். 'டைம்அவுட்' என்று மட்டும் வந்தால் யாருக்கும் உதவாது. '30 வினாடி காத்தேன், பில் 8841 கடைசியாக வரிசையில் நின்றது' என்று வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ராத்திரி ஓடும் பில்டில் மட்டும் ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆகிறது. காலையில் ஓட்டினால் பாஸ். என்ன செய்வது?

இதற்கு நான் நேரில் பட்டதையே சொல்கிறேன். முன்பு வேலை செய்த ஓரிடத்தில், 24 மணி நேரமும் திறந்திருக்கும் மருந்துக்கடைகளுக்கான பில்லிங் மென்பொருள். ஒரு பில் போட்டு, அது 'இன்றைய விற்பனை' அறிக்கையில் வருகிறதா என்று பார்க்கும் எளிமையான டெஸ்ட். இரவு 2 மணி பில்டில் விழும், காலை ஒன்பதரைக்கு நாங்கள் வந்து ஓட்டினால் பாஸ் ஆகும். ராத்திரி பேக்கப் ஓடுவதால் சர்வர் மெதுவாகிறது என்று நாங்களே முடிவுகட்டி, டைம்அவுட்டை ஏற்றிக்கொண்டே போனோம். மூன்று வாரம் போனது. ஒருநாள் மின்தடையால் பில்டு தாமதமாகி 5.40-க்குத் தொடங்கியது. பாஸ்!

காலை 5.30 தாண்டினால் பாஸ் என்றதும் பொறி தட்டியது. இந்திய நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. சர்வர் பில் தேதியை யூடிசியில் எழுதியது, அறிக்கை இந்தியத் தேதியைக் கேட்டது. இங்கே அதிகாலை 2 மணி என்றால் யூடிசியில் முந்தைய நாள் இரவு 8.30. ஆக, நள்ளிரவு முதல் ஐந்தரைவரை கடைகளில் போட்ட பில்கள் எல்லாம் முந்தைய நாள் கணக்கில் விழுந்துகொண்டிருந்தன. அந்த டெஸ்ட் மூன்று வாரமாக உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அதனால் முதலில், விழும் நேரங்களை எழுதி வையுங்கள். அப்புறம் கடிகாரத்தை உங்கள் கைக்குக் கொண்டுவாருங்கள். கோடு நேரடியாக 'இப்போது மணி என்ன' என்று சிஸ்டத்தைக் கேட்காமல், வெளியிலிருந்து கொடுக்கப்படும் கடிகாரத்தைக் கேட்கட்டும். ஜாவாவில் இதற்கென்றே கிளாக் வகுப்பு இருக்கிறது, பைத்தானில் ஃப்ரீஸ்கன், ஜாவாஸ்கிரிப்டின் ஜெஸ்டில் போலி டைமர்கள், கோ மொழியில் 1.25 முதல் சின்க்டெஸ்ட். பிறகு நள்ளிரவு 12.01, காலை 5.29, 5.31, மாதக் கடைசி, பிப்ரவரி 29 ஆகியவற்றுக்கு உச்சி வெயிலிலேயே டெஸ்ட் ஓட்டலாம். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று அளக்க மட்டும் மோனோடோனிக் (பின்னோக்கிப் போகாத) கடிகாரத்தைப் பயன்படுத்துங்கள். சாதாரண கடிகாரத்தைச் சிஸ்டம் நடுவில் பின்னுக்குத் திருத்திக்கொள்ளக்கூடும்.

தனியாக ஓட்டினால் பாஸ், மொத்தமாக ஓட்டினால் ஃபெயில். இது எதனால்?

முன்னால் ஓடிய ஏதோ ஒன்று மிச்சத்தை விட்டுப்போயிருக்கிறது. மாற்றி வைத்துத் திருப்பாத என்விரான்மென்ட் வேரியபிள், கழற்றாத மாக் (நிஜத்துக்குப் பதில் வைத்த போலி), ஸ்டாட்டிக் வேரியபிளில் தங்கிவிட்ட கேஷ், டேட்டாபேஸில் கிடக்கும் பதிவு, பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜ் என்று எதுவும் இருக்கலாம். விழுகிற டெஸ்ட் பாவம், அதன்மேல் தப்பில்லை. கறை ஏற்படுத்திய டெஸ்ட் பச்சையாகவே இருக்கும்.

குற்றவாளியைப் பிடிக்க, முன்னால் ஓடிய டெஸ்டுகளைப் பாதியாகப் பிரித்து, எந்தப் பாதியோடு ஓட்டினால் விழுகிறது என்று பாருங்கள். 400 டெஸ்ட் என்றாலும் ஒன்பது சுற்றில் ஆள் சிக்கிவிடும். ரூபி மொழியின் ஆர்ஸ்பெக்கில் பைசெக்ட் என்ற வசதி இதைத் தானே செய்கிறது.

எதிர்மாறான வகையும் உண்டு. தனியாக ஓட்டினால் ஃபெயில், கூட்டத்தில் பாஸ். முந்தைய டெஸ்ட் உருவாக்கிய வாடிக்கையாளரைச் சத்தமில்லாமல் பயன்படுத்திக்கொண்டிருக்கும் டெஸ்ட் இது. யாராவது முந்தைய டெஸ்டை நீக்கும் நாளில்தான் வெளியே தெரியும்.

இரண்டையும் சீக்கிரம் வெளியே கொண்டுவர, ஓடும் வரிசையை வேண்டுமென்றே கலைத்து ஓட்டுங்கள். பைத்தானின் பைடெஸ்டுக்கு ரேண்டம்லி ப்ளக்இன், கோ மொழியில் 1.17 முதல் ஷஃபிள், ஜாவாவின் ஜேயூனிட் 5-இல் ரேண்டம் ஆர்டரர் இருக்கின்றன. கலைத்த வரிசையின் சீட் எண் லாகில் பதிவாக வேண்டும், இல்லாவிட்டால் அதே வரிசையில் மறுபடி ஓட்டிப் பார்க்க முடியாது. ஜாவா 7 வந்தபோது, டெஸ்ட் மெதட்களை ஜாவா பட்டியலிட்டுத் தரும் வரிசை மாறிப்போய், அதுவரை ஒழுங்காக ஓடிய ஜேயூனிட் டெஸ்டுகள் பல இடங்களில் விழுந்தன. அதனால்தான் ஜேயூனிட் 4.11-இல் நிலையான வரிசையைக் கொண்டுவந்தார்கள்.

டியர்டவுனில் (டெஸ்ட் முடிந்தபின் ஓடும் பகுதி) எல்லாவற்றையும் சுத்தம் செய்கிறோமே, அது போதாதா?

போதாது. டெஸ்ட் ஓடும் ப்ராசஸையே சிஐ கொன்றுவிட்டால் டியர்டவுன் ஓடாது. பைடெஸ்ட் ஃபிக்ஸ்சரில் (டெஸ்டுக்கு வேண்டியதை அமைத்து, பின் கலைக்கும் பகுதி), டெஸ்டை ஓடவிடும் ஈல்டுக்குப் பின்னால் இருக்கும் வரிகள் டெஸ்ட் விழுந்தாலும் ஓடும். ஆனால் ஈல்டுக்கு முன்பே ஃபிக்ஸ்சர் விழுந்தால் அந்த வரிகள் ஓடாது. நாலு வேலையைச் செய்யும் ஃபிக்ஸ்சர் மூன்றாவதில் விழுந்தால் முதல் இரண்டும் அப்படியே கிடக்கும். அதனால் ஒரு ஃபிக்ஸ்சருக்கு ஒரு மாற்றம் போதும்.

நேற்று யாராவது பெருக்கியிருப்பார்கள் என்று நம்பி யாரும் கோலம் போட உட்காருவதில்லை, பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் புள்ளி வைக்கிறோம். டெஸ்டும் தனக்கு வேண்டிய நிலையைத் தொடக்கத்தில் தானே அமைத்துக்கொள்ளட்டும். டியர்டவுன் அதற்கு மேல் ஒரு கூடுதல் காப்பு. இதில் இன்னொரு லாபம், ஃபெயிலான டெஸ்டின் டேட்டாவை உடனே அழிக்காமல் விட்டுவைத்து, காலையில் வந்து ஆராயலாம்.

ட்ரான்ஸாக்‌ஷனில் ஓட்டி ரோல்பேக் செய்தால் மிச்சமே இருக்காது அல்லவா?

டேட்டாபேஸ் மாற்றங்களை ஒரே தொகுப்பாகச் செய்து, கமிட் செய்து நிலைப்படுத்தாமல் ரோல்பேக்கில் திரும்பப் பெறுவது வேகமான, நல்ல வழிதான். எல்லைகள் தெரிந்திருக்க வேண்டும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் சீக்வென்ஸ் (தானாக ஏறும் எண்) ரோல்பேக் ஆகாது, அதனால் 'முதல் பில்லின் எண் 1' என்று எழுதிய டெஸ்ட் இரண்டாவது முறை விழும். மைஎஸ்க்யூஎல்லில் டேபிளை உருவாக்கும், மாற்றும் கட்டளைகள் தாமாகவே கமிட் செய்துவிடும். பிரவுசர் டெஸ்டில் சர்வர் வேறு கனெக்‌ஷனில் இருந்தால், கமிட் ஆகாத பதிவு அதற்குத் தெரியவே தெரியாது. பைத்தான் வலைக் கட்டமைப்பான ஜாங்கோவின் டெஸ்ட்கேஸில், கமிட்டுக்குப் பிறகு ஓடவேண்டிய கால்பேக்குகள் தாமாக ஓடாது. ரெடிஸ், கோப்புகள், போய்விட்ட மெயில் இவற்றையெல்லாம் ரோல்பேக் தொடாது.

ஆர்டர் பை (வரிசைப்படுத்தும் கட்டளை) இல்லாமல் எடுத்த பட்டியலின் வரிசையை நம்பி எழுதுவதும் இதே குடும்பம். மாதக்கணக்கில் ஒரே வரிசையில் வந்து நம்மைப் பழக்கிவிட்டு, ஒருநாள் மாறும்.

பேரலலாக (பல டெஸ்டுகளை ஒரே சமயத்தில்) ஓட்டினால் கூடுதலாக என்ன பார்க்க வேண்டும்?

பொதுவான எதையும் எண்ணாதீர்கள். 'மொத்தம் 1 பில்' என்பதற்குப் பதில் 'நான் போட்ட பில் இருக்கிறது' என்று கேளுங்கள். ஒவ்வொரு டெஸ்டும் தனக்கென்று வேறுபட்ட பெயரில் வாடிக்கையாளரை உருவாக்கிக்கொள்ளட்டும், 'குமார்' என்று எல்லாரும் எழுதினால் மோதும். போர்ட் எண்ணை 8080 என்று கோடில் பதிக்காமல் 0 கொடுத்தால், காலியாக இருக்கும் போர்ட்டை ஆப்பரேட்டிங் சிஸ்டமே தரும். தற்காலிகக் கோப்புகளுக்கு டெஸ்டுக்கு ஒரு ஃபோல்டர், ஒர்க்கருக்கு (இணையாக ஓடும் ஒவ்வொரு ப்ராசஸுக்கும்) ஒரு டேட்டாபேஸ்.

என் மெஷினில் ஃபெயிலே ஆகவில்லை. எப்படிப் பிடிப்பது, சரியானதை எப்படி உறுதிசெய்வது?

உங்கள் மெஷின் வேகமானது, அதுதான் சிக்கல். டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் ஓட்டும் கருவி) சிபியுவைப் பாதியாகக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். எந்த அழைப்பின்மேல் சந்தேகமோ, அதன் பதிலை மட்டும் 3 வினாடி தாமதப்படுத்துங்கள். நேரம் தொடர்பான கோளாறு என்றால், பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் விழத் தொடங்கிவிடும். அப்படி விழ வைத்தபிறகு திருத்தினால்தான் திருத்தியது நிஜமா என்று தெரியும்.

திரும்பத் திரும்ப ஓட்டி உறுதிசெய்வதாக இருந்தால் எண்ணிக்கையில் ஏமாறாதீர்கள். நூற்றுக்கு ஒருமுறை விழும் டெஸ்ட், எதையுமே திருத்தாமல் விட்டாலும், 100 முறை தொடர்ந்து பாஸ் ஆக 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 300 முறை ஓட்டினால் அந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் குறையும்.

ரீட்ரை வைக்கலாமா?

சிஐயில் ஒருமுறை ரீட்ரை வைப்பதை நான் எதிர்ப்பதில்லை, வேலை நின்றுவிடக் கூடாது. ஆனால் இரண்டாவது முறை பாஸ் ஆனதை வெறும் பாஸாகக் காட்டக் கூடாது. ப்ளேரைட் அதை 'ஃப்ளேக்கி' என்று தனியாகவே எழுதுகிறது, அந்தப் பட்டியலை வாராவாரம் யாராவது படிக்க வேண்டும். மேலே சொன்ன மருந்துக்கடை டெஸ்டுக்குக் காலைவரை இடைவெளி விட்டு ரீட்ரை வைத்திருந்தால், அந்த பக் இன்னும் அங்கேயே இருந்திருக்கும். பிரதான பில்டிலிருந்து ஒரு டெஸ்டை ஒதுக்கி வைப்பதானால், பொறுப்பாளர் பெயரும் கெடுத் தேதியும் எழுதி வையுங்கள்.

எங்கள் ப்ராஜெக்டில் ஏற்கெனவே 200 ஸ்லீப் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

முதலில் புதிதாக ஒன்று நுழையாமல் கதவைச் சாத்துங்கள். ப்ளேரைட்டுக்கான ஈஎஸ்லின்ட் (கோடில் விதிமீறலைப் பிடிக்கும் கருவி) ப்ளக்இனில் இதைத் தடுக்கும் விதி இருக்கிறது. மற்ற மொழிகளில், ஸ்லீப் என்ற சொல் டெஸ்ட் ஃபோல்டரில் வந்தால் பில்டை நிறுத்தும் இரண்டு வரி ஸ்கிரிப்ட் போதும். அடுத்து, லாகின், சேமி மாதிரி எல்லா டெஸ்டும் அழைக்கும் ஹெல்பர்களைப் பாருங்கள், ஒன்றை மாற்றினால் முப்பது டெஸ்டுக்கு விடிவு. அதன்பின் கடந்த மாதம் அதிகம் விழுந்த டெஸ்டிலிருந்து, வாரத்துக்கு இரண்டு. ஒவ்வொரு ஸ்லீப்பையும் எடுக்கும் முன் 'இங்கே எதற்காகக் காத்திருக்கிறோம்' என்று அதை எழுதியவரைக் கேளுங்கள். அவருக்கே ஞாபகம் இல்லை என்றால், ஸ்லீப்பை நீக்கி, சர்வர் பதிலைத் தாமதப்படுத்தி ஓட்டுங்கள். எந்த வரியில் விழுகிறதோ, காத்திருக்க வேண்டிய இடம் அந்த வரிக்கு முன்னால் இருக்கிறது.